அடிப்பக்கம் எங்கே?

நான் முதன்முதலில் ஆசைப்பட்டுப் படம் எடுத்தது வைக்கோல்போர் ஓரமாக முளைத்திருந்த ஒரு நாய்க்குடையை. ஆனி மாதம். தென்காசிப் பக்கம் அப்போதுதான் சாரல் பிடித்திருந்தது. சாம்பல் நிறக் குடை, விளிம்புவரை ஓடும் மெல்லிய கோடுகள், உச்சியில் மாவு தூவினாற்போல வெள்ளைப் பொடி. மேகம் விலகி ஒரு பக்கம் மட்டும் வெயில் விழுந்த நேரம் பார்த்து அமுக்கினேன். ஃபிரேம் போட்டு மாட்டலாம், அப்படி வந்திருந்தது படம். பூஞ்சைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு அன்றிரவே அனுப்பிவிட்டு, பாராட்டு வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது இரண்டே சொல்: "அடிப்பக்கம் எங்கே?"

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். குடையைக் காணோம். தண்டு மட்டும் நின்றது. அதன் தலையில் கந்தலாக ஏதோ தொங்கி, கறுப்பு மையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ மிதித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அதையும் படம் எடுத்து அனுப்பினால், "அட, மை ஆயிடுச்சா? நல்லதாப் போச்சு" என்கிறார். விதை மாதிரிப் பரவும் ஸ்போர்களை வெளியே விடுவதற்காகத் தன் குடையைத் தானே கரைத்துக்கொள்ளும் மைக்காளான் கூட்டம் அது. வைக்கோல், சாணம், குப்பைமேடு இருக்கும் இடத்தில் வரும், ஒரே நாளில் ஆயுள் முடியும். காப்ரினாப்சிஸ் பேரினமாக இருக்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்று முடித்துக்கொண்டார். முதல் நாள் எடுத்த அழகான படத்தால் ஆகாத காரியம், மறுநாள் எடுத்த அசிங்கமான படத்தால் ஆனது.

நான் விலங்கியலோ தாவரவியலோ படித்தவள் இல்லை. அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மற்ற நேரத்தில் காளானையும் சிலந்தியையும் தேடிப் படம் எடுக்கிறேன். மாமனார் வைத்த தோப்பு ஒன்று மலையடிவாரத்தில் இருக்கிறது: தென்னை, நான்கு மாமரம், ஒரு நெல்லி, ஓரமாக ஓர் ஓடை. என் காடு அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, நுழைய வேண்டிய அவசியமும் இதுவரை வரவில்லை. இந்தப் பக்கத்தையே இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

அந்த மைக்காளானுக்குப் பிறகு காளான் எதைப் பார்த்தாலும் ஆறேழு படம் எடுப்பது வழக்கமாயிற்று. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. அடியில் ஏடு ஏடாகச் செவுள் இருக்கிறதா, நுண்துளைகளா, பல் போலத் தொங்குகிறதா என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடும். செவுள் தண்டோடு ஒட்டியிருக்கிறதா, கொஞ்சம் விலகி நிற்கிறதா என்பதும் தெரிய வேண்டும். இதற்காக எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. பவுடர் டப்பாவில் வரும் வட்டக் கண்ணாடி ஒன்றைப் பையில் போட்டிருக்கிறேன். குடைக்கு அடியில் சரித்து வைத்தால் செவுள் அப்படியே கண்ணாடியில் தெரியும், அதைப் படம் எடுத்துக்கொள்ளலாம். கூட்டமாக முளைத்திருந்தால் மட்டும் ஒன்றை எடுப்பேன். அதையும் கிள்ளக் கூடாது, குச்சியால் மண்ணைக் கிளறி அடியோடு எடுக்க வேண்டும். தண்டின் அடியில் பை மாதிரி உறை இருந்தால் அது மண்ணுக்குள்தான் இருக்கும். புற்றுக்காளான் என்றால் தண்டு வேர் போல நீண்டு கீழே கறையான் கூட்டுக்கே போகும், கிள்ளி எடுத்தவர் அதைப் பார்க்கவே முடியாது.

அளவுக்குப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைக்கிறேன். விட்டம் 27 மில்லிமீட்டர், இந்தியாவில் யார் பார்த்தாலும் புரியும். ஆரம்பத்தில் என் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். என் விரல் எவ்வளவு தடிமன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எதன்மேல் முளைத்திருக்கிறது என்பதை எழுத மறப்பதுதான் பெரிய தப்பு. இதை எனக்குப் புரியவைத்தது தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி. ஒரு நாள் தென்னை ஒன்றின் தூரில் அரக்குப் பூசினாற்போலப் பளபளவென்று ஒரு தட்டுக்காளான், ஓரம் மட்டும் வெள்ளை. நான் சந்தோஷமாகக் குனிந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன், அண்ணாச்சி முகம் செத்துப்போய் நிற்கிறார். "எம்மா, இது வந்துட்டுன்னா மரம் போச்சு. பக்கத்து மரத்துக்கும் வந்துரும்." அது கானோடெர்மா. வேளாண் துறையினர் தஞ்சாவூர் வாடல் நோய் என்று சொல்வது இதைத்தான். 1952இல் தஞ்சைப் பகுதித் தென்னந்தோப்புகளில் முதலில் கண்டதால் வந்த பெயர். காளான் வெளியே தலைகாட்டும்போது வேர் உள்ளே வெகுநாளாக அழுகியிருக்கும். தூரில் செம்பழுப்பாகச் சாறு வடிந்த தடத்தையும் அவர்தான் காட்டினார். நான் காளானை மட்டும் பார்த்தேன், அவர் மரத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து என்ன மரம், உயிரோடு இருக்கிறதா பட்டுப்போனதா, மண்ணா சாணமா இலைச்சருகா என்று ஒரு வரி எழுதிவைத்துவிடுகிறேன். போதாததற்கு நாலு அடி தள்ளி நின்று இடத்தையும் ஒரு படம்.

சிலந்திக்கு வருகிறேன்.

முதலில் மொழியிலேயே ஒரு குழப்பம். எங்கள் பக்கம் உடம்பில் வரும் ஒருவகைக் கட்டிக்கும் சிலந்தி என்றுதான் பேர். காலிலிருந்து புழு வருமே, அந்த நோய்க்கு நரம்புச் சிலந்தி என்று பேர். தோலில் எது தடித்தாலும் "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் அடிச்சிருக்கும்" என்பார்கள். பாவம், அந்தப் பூச்சிமேல் இவ்வளவு பழி. என் அனுபவத்தில், குப்புறப் படுத்துக் கிடக்கும் நேரத்தில் பயப்பட வேண்டியது சிலந்திக்கு அல்ல, சருகுக்குள் கிடக்கும் விரியனுக்குத்தான். கம்பால் தட்டிவிட்டுத்தான் முழங்கால் ஊன்றுவேன். சாரல் காலத்தில் அட்டைக்கு உப்பும் புகையிலையும் தனி.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. போன், அதன்மேல் கவ்வும் மேக்ரோ லென்ஸ், அது 350 ரூபாய். சிலந்திக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பக்கத்தில் போனால்தான் தெளிவு வரும், அவ்வளவு பக்கத்தில் போனால் நம் நிழலே அதன்மேல் விழும். அதனால் சின்ன டார்ச் ஒன்று, அதன் முகத்தில் டிரேசிங் பேப்பர் இரண்டு மடிப்பு. வெறும் வெளிச்சம் அடித்தால் சிலந்தியின் முதுகில் வெள்ளைத் திட்டுதான் தெரியும், நிறம் போய்விடும். கை நடுங்காமல் இருக்க மஞ்சப்பையில் மணல் போட்டுக் கட்டி அதன்மேல் போனை வைக்கிறேன். அப்புறம் குடை. மழைக்கு மட்டும் இல்லை. வலைக்குப் பின்னால் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தால் வலையின் ஒவ்வொரு இழையும் எழுந்து நிற்கும். வலை தெரிவதற்காக மாவு தூவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிக்காது. அதன் ராத்திரி வேலை முழுக்க வீணாகிவிடுகிறது.

வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுவது நல்லது. குளிரில் அசையாமல் இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் எடுக்க வேண்டும், நம் மூச்சுக்காற்று பட்டால் வலை ஆடும், சிலந்தி ஓடும். ஒவ்வொன்றாக அமுக்காமல் தொடர்ச்சியாக இருபது முப்பது எடுத்து, கண் தெளிவாக விழுந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வேன்.

ஏன் கண் என்றால், சிலந்தியின் குடும்பம் அதன் கண் வரிசையில் எழுதியிருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கண். முன்னால் இரண்டு மட்டும் பஸ் ஹெட்லைட் மாதிரி இருந்தால் குதிக்கும் சிலந்தி. கீழ் வரிசையில் நான்கு சின்னக் கண், அதற்கு மேலே இரண்டு பெரியது, அதற்கும் பின்னால் இரண்டு இருந்தால் ஓநாய்ச் சிலந்தி. கால் முழுக்க முள் முள்ளாக நின்று, கண்கள் அறுகோணமாக அமைந்திருந்தால் லின்க்ஸ் சிலந்தி. ஆகவே முகத்தை நேராக ஒன்று, முதுகு முழுக்க மேலிருந்து ஒன்று, வயிற்றுப்பக்கம் ஒன்று. பெருக்கல் குறி மாதிரிக் கெட்டியான பட்டுக்கோடுகள் போட்டு அதன் நடுவில் தலைகீழாகத் தொங்குமே ஆர்ஜியோப், அது இதற்கு வசதி. வலையின் இந்தப் பக்கம் முதுகு, அந்தப் பக்கம் போய் நின்றால் வயிறு. குறி முழுதாக இருக்கும் என்று நம்பக் கூடாது, சில நாள் ஒரு கால் மட்டும், சில நாள் இரண்டு.

ஓநாய்ச் சிலந்தியைத் தேட ராத்திரிதான் சரி. டார்ச்சைக் கையில் தொங்கவிடாமல் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு வரப்பைப் பாருங்கள். புல்லுக்குள் பச்சையாகப் பொட்டுப் பொட்டாக மின்னும். அதன் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் படலம் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் டார்ச் கண்ணோடு இருக்க வேண்டும். பனித்துளியும் மின்னும், ஆனால் அது வெள்ளையாக மின்னி, நாம் நகர்ந்ததும் அணைந்துவிடும். ஒரு நாள் ஒரு பொட்டு இல்லை, ஒரே இடத்தில் பொடிப்பொடியாக நூறு மின்னல். கிட்டப் போனால் தாய்ச் சிலந்தி, முதுகு முழுக்கக் குஞ்சுகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி. பக்கத்து வீட்டு ஆச்சி அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏட்டி, ராவுல குப்புறப் படுத்துக்கிட்டு என்னத்தட்டி தேடுத?" என்றாள். காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நான் ரொம்ப நாள் ஏமாந்த கதை ஒன்று உண்டு. மாமரத்தில் முசுறு எறும்பு இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும். அதைப் படம் எடுக்கப் போய், கடி வாங்கி, நாற்பது ஐம்பது படத்தோடு வந்தேன். எட்டாவது படிக்கும் அக்கா மகன் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தவன், "சித்தி, இந்த எறும்புக்கு எட்டுக் கால்" என்றான். போடா என்றேன். பெரிதாக்கிப் பார்த்தால் எட்டு. மீசை இல்லை. முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டி மீசை மாதிரிக் காட்டிக்கொண்டிருக்கிறது. இடுப்பு எறும்பைப் போலவே ஒடுங்கி, நிறம் அச்சு அசல் முசுறு. ஆனால் முகத்தில் அந்த இரண்டு பெரிய ஹெட்லைட். மிர்மாப்ளாட்டா பிளாட்டலியாய்டஸ் என்ற குதிக்கும் சிலந்தி. எல்லோரும் பயப்படும் எறும்பின் வேஷத்தில் இருந்தால் யாரும் வாய் வைக்கமாட்டார்கள். ஆண் சிலந்திக்குத் தாடை இன்னும் நீளம், எறும்பு ஒன்று இன்னொரு எறும்பைத் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கும்.

அதன்பின் அந்த மரத்திலேயே இன்னொரு வேஷக்காரனும் கிடைத்தான். அமிசியேயா என்ற நண்டுச் சிலந்தி. அதன் வயிற்றின் பின்முனையில் இரண்டு கறுப்புப் பொட்டு, எறும்பின் கண் மாதிரி. பின்பக்கத்தை முகம் என்று நம்பித்தான் நான் முதல் நாள் ஃபோகஸ் வைத்தேன்.

இப்படி எறும்பா சிலந்தியா என்று சந்தேகம் வந்தால் எண்ணுவதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம்: இலையை லேசாகத் தட்டுங்கள். சிலந்தி என்றால் நூல்விட்டு இறங்கித் தொங்கும்.

பெயர் வைக்கும் விஷயத்தில் நான் அவசரக்காரி. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ஒன்றைப் போனில் வைத்திருந்தேன். அது சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி, ஆறு மாதத்தில் எண்பது பெயர் சேர்த்துவிட்டேன். பிறகு ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றும் எந்த நாட்டில் வாழ்கிறது என்று பார்த்தால், பல பெயர்கள் அமெரிக்காவில் மட்டும் வாழும் சிலந்திகளுடையவை. பாதியை அடித்தேன். இப்போது செயலி சொன்னால் அதை விசாரணைக்கு வந்த ஆளாக மட்டும் வைத்துக்கொள்வேன்: இந்தப் பக்கம் இருக்கிறதா, இந்த மாதம் வருமா, கண் வரிசை ஒத்துப்போகிறதா. உயிரினப் படங்களை ஏற்றிப் பலரும் சேர்ந்து பெயர் கண்டுபிடிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போதும், உறுதி இல்லையென்றால் குடும்பப் பெயரோடு நிறுத்திவிடுவேன். தெரிந்தவர் யாராவது பார்த்து உள்ளே எடுத்துப்போவார்.

உலகச் சிலந்திப் பட்டியலில் 2022இலேயே ஐம்பதாயிரமாவது இனம் ஏறிவிட்டது. இவற்றில் பலவற்றைப் பிரித்தறிய இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாக வேண்டும், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பேரினத்தோடு நின்றுவிடும். வாயருகே இருக்கும் இரண்டு குட்டிக் கைகளின் நுனி பாக்ஸிங் உறை மாதிரி உப்பியிருந்தால் ஆண், அதை மட்டும் படத்தில் பார்த்துவிடலாம். காளானும் அப்படித்தான். கர்நாடகத்தின் குதிரேமுக் மலையடிவாரத்தில் 2023இல் ஒரு தவளையின் விலாவில் குட்டிக் காளான் ஒன்று முளைத்து நிற்பதைச் சிலர் படம் எடுத்தார்கள். உயிருள்ள தவளையின் மேல் காளான்! படத்தைப் பார்த்த வல்லுநர்கள் மைசீனா பேரினம் என்றார்கள். தவளையை யாரும் பிடித்து வைக்கவில்லை, அதனால் அதற்கு மேல் போக வழியில்லை. எனக்கு அந்தத் தவளையை விட்டுவிட்டதில் சந்தோஷம்தான்.

இன்னொன்று, இடம். போனில் லொகேஷன் அணைந்திருந்ததால் ஒரு வருடப் படங்கள் எங்கே எடுத்தவை என்றே தெரியாமல் கிடக்கின்றன. அதே சமயம் எல்லா இடத்தையும் ஊருக்குச் சொல்லவும் கூடாது. மரப்பொந்தில் வாழும் பொய்சிலோதீரியா என்ற பெரிய ரோமச் சிலந்திகளை வளர்ப்புப் பிராணியாக விற்கக் களவாடுகிறார்கள். 2019இல் அந்தப் பேரினத்தையே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் தளத்தில் இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, சுமார் இருபது கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். பின்னால் மரமோ மைல்கல்லோ தெரியும் படத்தையும் போடாதீர்கள்.

காளானைத் தின்பது பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது ஒரே கதை. போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஆச்சி வீட்டுப் புல்தரையில் வட்டமாக வெள்ளைக் காளான்கள் கிளம்பின. ஒவ்வொன்றும் சோற்றுத்தட்டு அகலம், நடுவில் பழுப்புச் செதில், தண்டில் வளையம், அடியில் வெள்ளைச் செவுள். "பாத்தியாட்டி, கறிக்கு நாலு வீட்டுக்குக் காணும்" என்று ஆச்சி கூடையோடு நின்றாள். பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான், வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்ல காளான் என்று அவளுக்கு நிறையக் கணக்கு. அந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஒரு ராத்திரி பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். விரிந்த குடை ஒன்றின் தண்டை வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்பாக ஒட்டிய தாளில் செவுள் கீழே இருக்கும்படி கவிழ்த்து, காற்று படாமல் பாத்திரத்தால் மூடி வைத்தேன். காலையில் தாளில் ஸ்போர் உதிர்ந்து செவுளின் கோடு கோடாக அச்சு, பாசி பிடித்தாற்போல மங்கிய பச்சை. பச்சை ஸ்போர் என்றால் க்ளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிவிடும். இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாகவே இருக்கும், அதில்தான் ஏமாறுகிறார்கள். ஆச்சி தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூடையைக் குப்பையில் கொட்டினாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள். அச்சு வெள்ளையாக விழுந்திருந்தால் சமைக்கச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். கொல்லும் காளான்களில் வெள்ளை அச்சு விடுபவை இருக்கின்றன. படத்தைப் பார்த்து எதையும் தின்னாதீர்கள், என் படமாக இருந்தாலும்.

கடைசியாக, இந்த ஆவணியில் நடந்தது. ஓடைக்கரைப் புதரில் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இலையின் அடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. லென்ஸில் பார்த்தால், பஞ்சுக்குள்ளிருந்து எட்டுக் கால் விரிந்து கிடக்கிறது. உடம்பு முழுக்க வெண்மஞ்சள் பூஞ்சை மூடி, அதிலிருந்து குண்டூசி குண்டூசியாகக் குட்டித் தண்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. சிலந்திகளை மட்டுமே பிடிக்கும் பூஞ்சை, கிபெல்லுலா. இத்தனை வருடம் தனித்தனியாகத் தேடிய இரண்டும் ஒரே இலையில்.

இலையைக் கிள்ளவில்லை. முதுகு, பக்கம், இலையின் மேல்புறம், செடி, நாணயம், தள்ளி நின்று ஓடைக்கரை என்று எல்லாம் எடுத்தேன். கை அன்று மஞ்சப்பையின் மேலேயே நடுங்கியது. அன்றிரவு அதே ஆளுக்கு அனுப்பினேன். ஒரு கோணமும் விடவில்லை என்ற தைரியம். பதில் வந்தது: "பிரமாதம். சிலந்தி எது?"

பூஞ்சை மூடிய சிலந்தியின் கண்ணும் தெரியவில்லை, முதுகும் தெரியவில்லை. என் பதிவு கிபெல்லுலா என்ற பேரினப் பெயரோடு நிற்கிறது, எந்தச் சிலந்தியின் மேல் என்ற இடம் காலி. போன வாரம் அந்தப் படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். தள்ளி நின்று எடுத்த படத்தில், அதே செடியில், ஒரு சாண் மேலே, உயிரோடு ஒரு சின்னச் சிலந்தி உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில், ஃபோகஸ் இல்லாமல், கால் எண்ணும் அளவுக்கு மட்டும்.